மூல நக்ஷத்திரத்தை நேரில் பாருங்கள்!

(திருச்சி ஜில்லாக் கிராமம் ஒன்றில், ஆவணி மாதத்து அமாவாசையை ஒட்டிய ஓர் இரவில், பள்ளிக்கூடத் திடலில் விளக்குகளை அணைத்துவிட்டு வானத்தைக் காட்டிச் செய்த சொற்பொழிவு)



கூட்டம் என்றால் மேடைக்கு விளக்குப் போடுவது வழக்கம். நான் இன்று விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பேச வந்திருக்கிறேன். அதிலும் அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துக் கேட்டு வாங்கினேன். அமாவாசை ராத்திரியில் பெண்டு பிள்ளைகள் வெளியே தலைகாட்டக் கூடாது என்று நமக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனால் சந்திரன் இல்லாத இருட்டுத்தான் நக்ஷத்திரம் பார்ப்பதற்கு உத்தமமான சமயம். ஆகவே எந்த நாளைக் கண்டு பயப்படச் சொன்னார்களோ அந்த நாளையே வைத்துக் கொண்டோம். இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களில் யாரையும் இதுவரையில் எந்தப் பேயும் தூக்கிக்கொண்டு போய்விடவில்லை என்பதை முதலில் கவனியுங்கள்.

நம்முடைய கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷமாவது வேண்டும். அதுவரையில் யாரும் டார்ச் லைட்டையோ, கையிலுள்ள டெலிபோனையோ ஏற்றாதீர்கள். ஒருவர் ஏற்றினால் நூறு பேருடைய கண் கெட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிடும். அவசியமானால் விளக்கின் முகப்பில் சிவப்புக் காகிதத்தை ஒட்டிக் கொள்ளுங்கள்.

நான் இன்று உங்களிடம் எதையும் நம்பும்படி கேட்கப் போவதில்லை. விரலால் காட்டுகிறேன், நீங்கள் உங்கள் கண்ணால் பாருங்கள், பார்த்ததை உங்கள் புத்தியால் யோசியுங்கள். இவ்வளவுதான்.

இப்பொழுது மணி எட்டு. முதலில் எல்லோரும் வடக்கே திரும்புங்கள். வடமேற்கில் தென்னை மரங்களுக்கு மேலே, ஓர் அகப்பையைச் சாய்த்து வைத்ததுபோல் ஏழு நக்ஷத்திரங்கள் தெரிகின்றன அல்லவா? குழிப்பக்கம் நாலும் அடிவானத்துக்குத் தாழ்ந்துவிட்டன. காம்பு மூன்றும் மேலே நன்றாகத் தெரிகின்றன. இவற்றைத்தான் சப்தரிஷி மண்டலம் என்கிறார்கள். காம்பின் நடுவிலுள்ள நக்ஷத்திரத்தை உற்றுப் பாருங்கள். அதை ஒட்டினாற்போல் மங்கலான மற்றொன்று தெரிகிறதா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள். சந்தோஷம். பெரியது வசிஷ்டர், சின்னது அருந்ததி.

தோழர்களே! இங்கு கல்யாணமானவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். உங்களில் பலருக்குக் கல்யாணத்தன்று புரோகிதர் அருந்ததியைக் காட்டியிருப்பார். எத்தனை மணிக்குக் காட்டினார்? காலை ஒன்பது மணிக்கு! பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து, கண்ணைக் கூசும் வெய்யிலில், வெறும் ஆகாயத்தைச் சுட்டி "அருந்ததி தெரிகிறதா?" என்று அவர் கேட்டார். மாப்பிள்ளையும் பெண்ணும் "தெரிகிறது" என்று தலையாட்டினீர்கள். வாழ்க்கையில் இருவரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தையே பொய்! அந்தப் பொய்க்குத் தக்ஷணை வேறு கொடுத்தீர்கள். நிஜமான அருந்ததியை இன்றுதான் பார்க்கிறீர்கள், செலவு ஒன்றுமில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். தூரதிருஷ்டிக் கண்ணாடியாலும் மற்றக் கருவிகளாலும் ஆராய்ந்ததில், வசிஷ்டர் என்பது ஒரு நக்ஷத்திரமல்ல, நாலு நக்ஷத்திரம் என்று தெரிந்தது. அருந்ததியும் ஒன்றல்ல, இரண்டு என்று 2009-ல் கண்டுபிடித்தார்கள். ஆக, ஒருவனுக்கு ஒருத்தி என்பதற்கு அடையாளமாகக் காட்டப்படும் இடத்தில் ஆறு பேர் இருக்கிறார்கள்! நக்ஷத்திரங்களை நான் குற்றம் சொல்லவில்லை. அவை பாட்டுக்குச் சுற்றிக் கொண்டிருக்கின்றன. அவற்றின் தலையில் நம்முடைய குடும்ப விவகாரத்தைக் கட்டினவர்களைத்தான் சொல்லுகிறேன்.

இப்பொழுது நேர் வடக்கே பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள். ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே, 11 டிகிரி உயரத்தில் தனியாக ஒன்று மினுக்குகிறது. அதுதான் துருவ நக்ஷத்திரம். நாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே எத்தனை டிகிரியில் இருக்கிறோமோ அத்தனை டிகிரி உயரத்தில் அது தெரியும். கன்னியாகுமரியில் 8, சென்னையில் 13. கப்பற்காரர்களுக்கு இது எவ்வளவு உதவியென்று யோசித்துப் பாருங்கள். புராணம் இதற்கு என்றும் அசையாத பதவி கொடுத்திருக்கிறது. ஆனால் பூமியின் அச்சு, பம்பரம் தலையாட்டுவதுபோல், சுமார் 26,000 வருஷத்துக்கு ஒரு தடவை ஆடிச் சுற்றுகிறது. சுமார் 4,800 வருஷத்துக்கு முன் வடக்கைக் காட்டிய நக்ஷத்திரம் வேறு. இன்னும் சுமார் 12,000 வருஷம் சென்றால், அதோ வடகிழக்கே உயரத்தில் வெண்ணீலமாக ஜொலிக்கிறதே, அந்த அபிஜித்துக்கு ஏறக்குறைய அந்த உத்தியோகம் வந்துவிடும். அசையாத பதவி என்பது ஆகாயத்திலும் இல்லை.

அந்த அபிஜித்திலிருந்து கிழக்கே வாருங்கள். மூன்று நக்ஷத்திரங்கள் ஒரு வரிசையாக, நடுவிலுள்ளது மட்டும் பிரகாசமாகத் தெரிகிறதா? அதுதான் திருவோணம். வடகிழக்கில் தாழ மற்றொரு பிரகாசமான நக்ஷத்திரம் இருக்கிறது. அது அன்னத்தின் வால். இம்மூன்றையும் கோடிட்டுச் சேர்த்தால் பெரிய முக்கோணம் ஆகும். மேல்நாட்டார் இதைக் கோடைகாலத்து முக்கோணம் என்பார்கள். அவர்களுக்கு இது கோடையின் கடைசி. இம்மூன்றும் ஒரே தட்டில் பதித்ததுபோல் தோன்றினாலும், திருவோணத்தின் வெளிச்சம் நம்மிடம் வந்து சேர 17 வருஷமும், அபிஜித்தின் வெளிச்சம் வர 25 வருஷமும் ஆகின்றன. அன்னத்தின் வாலிலிருந்து வர ஆயிரம் வருஷத்துக்கும் மேல் ஆகிறது. வெளிச்சம் ஒரு வினாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடுகிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

மேற்கே திரும்புங்கள். அகப்பைக் காம்பின் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறமான சுவாதி. இன்னும் நீட்டினால் அடிவானத்தை நோக்கி இறங்கும் சித்திரை. உங்கள் ஜாதகத்தில் கட்டங்களுக்குள் எழுத்தாக மட்டும் இருந்தவை இவைதான். எத்தனையோ ஜோசியர் வீட்டுப் படி ஏறியிருக்கிறீர்கள். அவர்களில் எவராவது உங்களை வெளியே அழைத்துவந்து "இதுதான் உன் நக்ஷத்திரம்" என்று விரல் நீட்டிக் காட்டியதுண்டா?

இப்பொழுது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். எல்லோரும் தெற்கே திரும்புங்கள். இன்றைய வானத்தில் இதைவிட அழகான உருவம் கிடையாது. நேர் தெற்கே பாதி உயரத்தில் ஒரு பெரிய தேள்! வலது பக்கத்தில் நெற்றியாக மூன்று நக்ஷத்திரம், அது அனுஷம். அதற்கடுத்து நெருப்புத் துண்டு போல் சிவந்திருப்பது கேட்டை. நம் சூரியன் இருக்குமிடத்தில் கேட்டையைக் கொண்டுவந்து வைத்தால், அது பூமியை விழுங்கி, செவ்வாய்க் கிரகத்தின் பாதையையும் தாண்டி நிற்கும். அவ்வளவு பெரிய பூதம் அது. கேட்டையிலிருந்து கீழே இறங்கி, இடது பக்கமாக வளைந்து, கொக்கிபோல் மேலே திரும்புகிறதே வால், அதன் நுனியில் ஜோடியாக இரண்டு நக்ஷத்திரம் கொடுக்குப்போல் இருக்கின்றன. எல்லோருக்கும் தெரிகிறதா?

தாய்மார்களே! இதுதான் மூலம்.

"ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்று சொல்லுகிறார்களே, அந்த மூலம் இதுதான். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். இதனால் எத்தனை பெண்கள் முப்பது வயதாகியும் வரன் அமையாமல், பெற்றோர்களுக்குப் பாரமென்று பேச்சுக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் கிடக்கிறார்கள்! மாமனார் இல்லாத வீடாகத் தேடி, குணமோ வயதோ பாராமல் பிடித்துக் கொடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்! கட்டிய பிறகு மாமனார் எழுபது வயதில் மாரடைப்பால் செத்தாலும் "மூலக்காரி வந்தாள், விழுங்கிவிட்டாள்" என்று பழி சுமப்பவர்கள் எத்தனை பேர்! இந்தப் பழியை உங்கள் மேல் போட்ட குற்றவாளி அதோ தெற்கே நிற்கிறான். வாருங்கள், விசாரிப்போம்.

முதல் விசாரணை. மூலம் என்பது ஒரு வஸ்துவா? இல்லை. வாலின் ஆரம்பத்திலுள்ள ஒரு நக்ஷத்திரத்தின் வெளிச்சம் நம்மிடம் வரச் சுமார் 64 வருஷம் ஆகிறது. கொடுக்கின் நுனியிலிருந்து வரச் சுமார் 570 வருஷம் ஆகிறது. ஒன்றுக்கொன்று அவ்வளவு தூரத்தில் கிடப்பவை நம் கண்ணுக்கு ஒரே வளைவாகத் தோன்றுகின்றன. நாம் தேள் என்கிறோம். சீனர்கள் இதையே நீலநாகத்தின் வால் என்றார்கள். ஹவாய்த் தீவுக்காரர்கள் தூண்டில் முள் என்றார்கள். இன்று விஞ்ஞானிகள் வானத்தை 88 மண்டலங்களாகப் பிரித்து 1922-ல் ஒப்புக் கொண்டதுகூட, வயலுக்கு வரப்புப் போடுவது போன்ற சௌகரியத்துக்காகத்தான். வரப்பு யாருடைய மாமனாரையும் கொல்லாது.

இரண்டாவது விசாரணை. இன்று நீங்கள் பார்க்கும் கொடுக்கின் வெளிச்சம், வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கும் நாற்பது வருஷத்துக்கு முன்பே புறப்பட்டது. அந்தப் பெண்ணும் பிறக்கவில்லை, மாமனாரும் பிறக்கவில்லை, மாமனாருக்குப் பாட்டனும் பிறக்கவில்லை. யாரைக் கொல்வதற்காக அது அன்றைக்குப் புறப்பட்டது?

மூன்றாவது விசாரணை, கணக்கு. சந்திரன் 27 நாளும் சுமார் 8 மணி நேரமும் கொண்டு வானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அந்தப் பாதையை 27 பாகமாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நக்ஷத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நீ மூலத்தில் பிறந்தாய் என்றால், நீ பிறந்தபோது சந்திரன் மூலம் என்னும் பாகத்தில் இருந்தது என்றுதான் அர்த்தம். உலகத்தில் இன்று 800 கோடிக்கு மேல் ஜனங்கள் இருக்கிறார்கள். 27-ல் ஒரு பங்கு உத்தேசமாக 30 கோடி. அதில் பாதி பெண்கள் என்றால் 15 கோடி. பதினைந்து கோடிப் பெண்கள் மாமனாரை விழுங்குவதாயிருந்தால் உலகத்தில் மாமனார் என்ற ஜாதியே மிஞ்சியிருக்காதே! மூலத்தில் பிறந்த 15 கோடி ஆண்களும் அரசாள வேண்டும் என்றால் அத்தனை சிம்மாசனத்துக்கு எங்கே போவது? இந்த ஊரிலேயே மூலத்தில் பிறந்த ஆண்கள் இருப்பீர்கள். நீங்கள் எந்த நாட்டை ஆளுகிறீர்கள்?

நாலாவது விசாரணைதான் முக்கியமானது. சந்திரன் மூலத்தில் இருக்கும் நாளில் இந்தத் தேளை நீங்களே பாருங்கள். சந்திரன் ஒரு நாளும் இந்தக் கொடுக்கின் பக்கத்தில் வராது. எட்டு டிகிரிக்கும் அதிகமாக, கிட்டத்தட்ட ஒரு முஷ்டி தூரம் வடக்கே ஒதுங்கித்தான் அது எப்போதும் போகும். கேட்டையைச் சில வருஷங்களில் சந்திரன் மறைப்பதுண்டு. மூலத்தின் கொடுக்கை அது தொட்டதே கிடையாது. தெருக்கோடியில் நடந்து போனவன் உங்கள் வீட்டில் திருடினான் என்று சாட்சி சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"சந்திரனால் சமுத்திரம் பொங்குகிறதே, மனிதனை மட்டும் பாதிக்காதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். சமுத்திரம் பொங்குவது இழுப்புச் சக்தியால். அந்தச் சக்தி நாகப்பட்டினத்துக் கடலையும் ஆப்பிரிக்காக் கடலையும் ஒரே விதியால் இழுக்கிறது. ஆண் பிறந்தால் அரசாட்சி, பெண் பிறந்தால் சர்வநாசம் என்று பிள்ளையின் அரைஞாணை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இழுப்பதில்லை. ஒரே நிமிஷத்தில் பிறந்த ஆணுக்கு ஒரு பலன், பெண்ணுக்கு ஒரு பலன் என்றால், அந்த வித்தியாசம் நக்ஷத்திரத்தில் இருக்கிறதா, எழுதினவன் புத்தியில் இருக்கிறதா?

இப்பொழுது சில ஜோசியர்கள், அது "ஆண் மூலம்" அல்ல, "ஆனி மூலம்". "பெண் மூலம்" அல்ல, "பின் மூலம்". பழமொழி பிசகிப் போய்விட்டது என்று புது வியாக்கியானம் செய்கிறார்கள். மிகவும் சந்தோஷம். ஆனால் பிசகான பழமொழியை வைத்துத் தள்ளிவிட்ட அத்தனை பெண்களுக்கும் யார் பதில் சொல்வது? வேறு சிலர் முதல் பாதத்துக்கு மட்டுந்தான் தோஷம் என்கிறார்கள். இன்னும் சிலர் பரிகாரம் செய்தால் போதும் என்கிறார்கள். பணம் கொடுத்தால் ஜாதகத்தையே மாற்றி எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. ரூபாய்க்கு நகர்கிற நக்ஷத்திரம் ஆகாயத்தில் இல்லை. அது ஜோசியரின் பேனாவில் இருக்கிறது. இன்றைக்கோ, நல்ல நக்ஷத்திரம் பார்த்து வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுக்கச் சொல்லி டாக்டரிடம் கேட்கும் பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். தாயின் உடம்பைவிடப் பஞ்சாங்கம் பெரிதாகிவிட்டது!

அந்தப் பஞ்சாங்கமாவது ஒன்றாக இருக்கிறதா? வாக்கியம் ஒன்று, திருக்கணிதம் ஒன்று. நக்ஷத்திரம் முடியும் நாழிகை இரண்டிலும் வித்தியாசப்படுகிறது. ஒன்றில் மூலமான பெண் மற்றொன்றில் பூராடமாகிறாள். தை முதல் தேதி உத்தராயணம் என்று எழுதுகிறார்கள். முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு உச்சிப்பொழுது நிழலை அளந்து பாருங்கள். சூரியன் டிசம்பர் 22 வாக்கிலேயே வடக்கே திரும்பிவிடுகிறது. இந்திய அரசாங்கம் 1952-ல் பஞ்சாங்கச் சீர்திருத்தத்துக்காக ஒரு கமிட்டி போட்டது. 1955-ல் அறிக்கை வந்தது. நம் வருஷப் பிறப்புக் கணக்கு உண்மையிலிருந்து 23 நாள் தள்ளிப் போயிருப்பதை அது எடுத்துக் காட்டியது.

அந்தக் கமிட்டிக்குத் தலைவர் யார் தெரியுமா? மேக்நாத் சாகா. 1893-ல் டாக்கா ஜில்லாவில் ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு மகனாகப் பிறந்தவர். ஜாதியில் தாழ்ந்தவர் என்று படிக்கிற காலத்தில் ஹாஸ்டலில் ஒதுக்கப்பட்டவர். நக்ஷத்திரத்தின் வெளிச்சத்தைக் கொண்டே அதன் உஷ்ணத்தையும், அதிலுள்ள வாயுக்களின் நிலைமையையும் அறியும் வழியை 1920-ல் கண்டவர் இவர். இவருடைய கணக்கை வைத்துக்கொண்டு 1925-ல் சிசிலியா பெய்ன் என்னும் 25 வயதுப் பெண், நக்ஷத்திரங்கள் பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயுவால் ஆனவை என்று கண்டார். பெரிய ஆசிரியர் ஒருவர் அது சரியாயிராது என்றார். சில வருஷத்தில் அவரே, அந்தப் பெண் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதே 1925-ல்தான் "குடி அரசு" பிறந்தது. தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கப்பட்ட ஒருவரும், பெண் என்று தாழ்த்தப்பட்ட ஒருவரும் சேர்ந்து, நக்ஷத்திரம் எதனால் ஆனது என்பதை உலகத்துக்குச் சொன்னார்கள்!

இன்னும் ஒன்று. தேளின் கொடுக்குக்கு இடப்பக்கத்தில் தேநீர்க் கெண்டி போன்ற ஓர் உருவம் இருக்கிறது. அதில்தான் பூராடமும் உத்திராடமும் இருக்கின்றன. கொடுக்குக்கும் கெண்டி மூக்குக்கும் நடுவில் பால்போல் பரவியிருக்கிறதே, அது ஆகாச கங்கை அல்ல. எண்ணமுடியாத நக்ஷத்திரக் கூட்டம் என்று கலீலியோ 1610-லேயே எழுதிவிட்டார். சுமார் 26,000 ஒளி வருஷத்துக்கு அப்பால் அந்தத் திசையில்தான் நம் நக்ஷத்திர மண்டலத்தின் மையம் இருக்கிறது. அங்கே சுமார் 40 லட்சம் சூரியனுடைய எடைகொண்ட கருந்துளை ஒன்று இருப்பதை நிரூபித்ததற்காக 2020-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஆந்திரியா கெஸ் என்ற பெண்ணும் ஒருவர். உடனே நம்மவர்களில் சிலர், மூலம் என்றால் வேர். மையம் அங்கிருப்பது எங்கள் ரிஷிகளுக்கு அப்போதே தெரியும் என்று கிளம்பிவிட்டார்கள். அப்படித் தெரிந்தவர்கள் அதை எழுதி வைக்காமல், மருமகள் வந்தால் மாமனார் செத்துப்போவார் என்றா எழுதி வைத்தார்கள்?

"அப்படியானால் நம் முன்னோர்கள் எல்லோரும் முட்டாள்களா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. கருவி ஒன்றுமில்லாமல், வருஷக்கணக்கில் இரவில் விழித்திருந்து சந்திரனின் பாதையைப் பார்த்து 27 பாகமாக்கினவர்கள் கெட்டிக்காரர்கள்தான். விதைப்பதற்கும் கடலோடுவதற்கும் அது உதவிற்று. வானத்தைப் பார்த்தவன் ஒருவன். அவன் வைத்த பெயர்களை ஓலையில் எழுதி, வானத்தைப் பாராமலே விற்றுப் பிழைத்தவன் மற்றொருவன். நாம் முன்னவனை மறந்துவிட்டுப் பின்னவன் காலில் விழுகிறோம். முன்னோர்களுக்கு மரியாதை செய்ய வேண்டுமானால் அவர்கள் செய்ததுபோல் அண்ணாந்து பாருங்கள்.

ஆகவே, தோழர்களே! முடிவாக நான் கேட்டுக்கொள்வது இதுதான். மேகமில்லாத நாளில் உங்கள் பெண் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். தேளைக் காட்டுங்கள். "இதுதான் மூலம், உனக்கும் இதற்கும் ஒரு வழக்கும் கிடையாது" என்று சொல்லுங்கள். நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன நக்ஷத்திரம் என்று கேட்டால், அவர்களை வாசலுக்கு அழைத்துவந்து "நீங்கள் கேட்ட நக்ஷத்திரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்" என்று கேளுங்கள். காட்டத் தெரியாதவனுக்கு அதைப்பற்றிப் பேச யோக்கியதை இல்லை. காட்டத் தெரிந்தவன் அப்படி ஒரு கேள்வி கேட்கவே மாட்டான். புரோகிதரும் அருந்ததியும் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைக் கல்யாணம் செல்லும் என்று 1967-லேயே நம் சட்டசபை சட்டம் செய்துவிட்டது. சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆகாயம் ஒருபோதும் தடுக்கவில்லை. தடுப்பது நம் பயம் ஒன்றுதான்.

இங்கு மூலத்தில் பிறந்த தாய்மார்களும் பெண்களும் இருப்பீர்கள். வெட்கப்பட்டுத் தலை குனிந்திருந்தது போதும். தலையை நிமிர்த்தித் தெற்கே ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். எவ்வளவு அழகாயிருக்கிறது!  விளக்கை ஏற்ற அவசரப்பட வேண்டாம்; இன்னும் கொஞ்ச நேரம் பாருங்கள்.